கூட்டுக் குடியிருப்பில் மூன்று கடை அறைகள்: பென்னாகரம் சாலையிலிருந்து ஓர் அனுபவம்

தருமபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் சாலையை ஒட்டி, 22 குடும்பங்கள் சேர்ந்து திட்டமிட்டுக் கட்டிக்கொண்ட கூட்டுக் குடியிருப்பில் நாங்கள் வசிக்கிறோம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வீடும் தனி அடுப்பும் உண்டு. வாரத்தில் சில வேளைகள் எல்லோரும் சேர்ந்து உண்ணும் சமையல்கூடம், படிப்பறை, விருந்தினர் அறை, காய்கறித் தோட்டம் ஆகியவை பொதுவில் இருக்கின்றன. இவற்றோடு சாலையைப் பார்த்தபடி மூன்று கடை அறைகளும் இருக்கின்றன. ஒன்றில் மாவு மில், அடுத்ததில் மளிகையும் டீயும், மூன்றாவதில் இப்போதைக்குத் தையல். இதே போன்ற குடியிருப்பைத் திட்டமிடும் குழுக்கள் ஓசூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து பார்க்கும்போது, சமையல்கூடத்தைப் பாராட்டிவிட்டு, கடைகளைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். கடை அறைகளின் கணக்கைத் தொடக்கத்திலிருந்து பார்த்துவருவதால் அவர்களுக்கு நான் வாய்மொழியாகச் சொல்லி வந்ததை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இந்த வகைக் குடியிருப்புகளின் தொடக்கம் டென்மார்க் நாட்டில். அங்கே 1972இல் 27 குடும்பங்களோடு உருவான செட்டடாமன் குடியிருப்பை முன்னோடியாகச் சொல்வார்கள். அமெரிக்காவில் புதிதாகக் கட்டப்பட்ட முதல் குடியிருப்பு, 1991இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் அமைந்த மியூர் காமன்ஸ். இவ்வகைக் குடியிருப்புகளின் வரைபடங்களில் பொது வீடு நடுவிலும் வாகனங்கள் ஓரத்திலும் இருக்கும். வீடுகள் நடைபாதையைப் பார்த்திருக்கும். கடைகளை அபூர்வமாகத்தான் காண முடியும். ஓக்லாந்து நகரின் ஸ்வான்ஸ் மார்க்கெட் ஒரு விதிவிலக்கு. பழைய சந்தைக் கட்டடம் ஒன்றைப் புதுப்பித்து 2000ஆம் ஆண்டில் அதில் 20 வீடுகளை அமைத்தபோது, அதே வளாகத்தில் கடைகளும் உணவகங்களும் இருந்தன. ஆனால் அங்கே சந்தை முதலில் இருந்தது, வீடுகள் பின்னால் வந்தன. வெறும் மானாவாரி நிலத்தில் வீடு கட்டிவிட்டுக் கடையைப் பின்னால் சேர்க்க விரும்பிய எங்களுக்கு அந்த எடுத்துக்காட்டு ஓரளவுக்கு மேல் உதவவில்லை.

கடை வேண்டும் என்று சொன்னவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் இருந்தது. வயதானவர்கள் ஒரு பாக்கெட் பாலுக்காகப் பிறரை எதிர்பார்க்க விரும்பவில்லை. ஊரைவிட்டு ஒதுங்கிய மதில் சூழ்ந்த வளாகமாக நாம் மாறிவிடக் கூடாது என்று சிலர் நினைத்தார்கள். குடியிருப்பை நிர்வகிக்கும் எங்கள் சங்கத்துக்கு வாடகை வரும், மாதப் பராமரிப்புத் தொகை குறையும் என்பது வேறு சிலரின் எண்ணம். வேண்டாம் என்றவர்களின் காரணம் ஒன்றுதான்: அமைதிக்காகத்தானே இங்கே வந்தோம் என்றார்கள். இந்த இரு தரப்புக்கும் இடையில் நடந்த பேச்சில் முதலில் நாங்கள் எடுத்துக்கொண்டது வாடிக்கையாளர் கணக்கு. அது விவாதத்தின் போக்கையே மாற்றியது.

ஒரு குடும்பம் மாதம் 8,000 ரூபாய்க்கு மளிகை வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றை மொத்தமாகத் தருமபுரி டவுனில் வாங்குவதே வழக்கம் என்பதால், வாசலில் உள்ள கடைக்கு வருவது பால், தயிர், தீப்பெட்டி, கொத்தமல்லி, அவசரத்துக்கு ஒரு கிலோ சர்க்கரை ஆகியவைதான். அது தாராளமாக 2,500 ரூபாய் என்றாலும் 22 குடும்பங்களுக்கு 55,000 ரூபாய். அதில் பத்து சதவீதம் லாபம் நின்றால் 5,500 ரூபாய்; வாடகையும் மின்கட்டணமும் போக, நாள் முழுதும் கடையில் உட்கார்ந்தவருக்குக் கூலிகூட மிஞ்சாது. குடியிருப்புக்குள் இருப்பவர்களை மட்டும் நம்பி ஒரு கடை நிற்காது என்பது அந்தக் கணக்கிலேயே தெரிந்தது. கடையை வைப்பதென்றால் சுற்றியுள்ள ஊர்களுக்காக வைக்க வேண்டும், உள்ளே இருப்பவர்கள் அந்த வாடிக்கையில் ஒரு சிறு பங்கு மட்டுமே என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் மற்ற முடிவுகளை எடுக்க முடிந்தது. வெளியாட்கள் வருவதை விரும்பாத குழு, கடை அறை கட்டாமல் அந்தப் பணத்தைச் சமையல்கூடத்துக்குச் செலவிடுவது நல்லது என்றே வருகிறவர்களிடம் சொல்கிறேன். பொதுச் சாமான் அறையில் பாலும் மளிகையும் வாங்கி வைத்து, எடுத்ததை நோட்டில் எழுதிக்கொள்ளும் ஏற்பாடு அவர்களுக்குப் போதும்.

கடைகளைச் சமையல்கூடத்துக்கு அருகில் வைத்தால் எல்லோரும் கூடும் இடமாக இருக்கும் என்று ஒரு யோசனை இருந்தது. மேற்சொன்ன கணக்குக்குப் பின் அது தானாகவே விழுந்துவிட்டது. மூன்று அறைகளும் சாலை ஓரத்தில், இரு சக்கர வாகனங்களும் மூட்டை இறக்கும் டிராக்டரும் நிற்க இடம்விட்டுக் கட்டப்பட்டன. ஆனாலும் கேட் கடைகளுக்கு முன்னால் இருந்தது. பாதுகாப்புக்காக வருகிறவர்களின் பெயரையும் ஊரையும் காவலாளி நோட்டில் எழுதும் பழக்கத்தைச் செயற்குழு கொண்டுவந்தபோது, அது கடைக்கு வருகிறவர்களுக்கும் பொருந்திவிட்டது. பக்கத்து ஊர் மூதாட்டி ஒருவர் கேழ்வரகுப் பையோடு கேட்டில் நின்றுகொண்டு, “மாவு அரைக்கறதுக்கும் பேரு எழுதணுங்களா சாமி?” என்று கேட்டார். அடுத்த கூட்டத்திலேயே கேட்டைக் கடைகளுக்குப் பின்னால் நகர்த்தத் தீர்மானித்தோம். செலவு ஆனது, ஆனால் மில்லுக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை அதன் பிறகு கண்ணுக்குத் தெரியும்படி கூடியது. வரைபடம் போடும்போதே வேலியின் கோட்டைக் கடைகளுக்குப் பின்புறமாக இழுத்துவிடுவது நல்லது. கடைகளின் பின்கதவு குடியிருப்புக்குள் திறக்கலாம், ஆனால் அது கடை நடத்துபவர்களுக்கு மட்டுமே.

மூன்று அறைகளில் எங்களைத் தாங்கி நிறுத்துவது மாவு மில்தான். தருமபுரி மாவட்டத்தில் கேழ்வரகுக் களி இன்னும் அன்றாட உணவாக இருப்பதால், பாக்கெட் மாவு எவ்வளவு வந்தாலும் சொந்தக் கேழ்வரகைத் தம் கண்முன்னே அரைத்து வாங்கும் பழக்கம் போகவில்லை. களிக்கு ஒரு பதம், கூழுக்கு ஒரு பதம் என்று கேட்டு வாங்குகிறார்கள். கேழ்வரகோடு கோதுமை, கம்பு, மிளகாய், மல்லி, மஞ்சள், சீயக்காய் எல்லாம் வரும். அரைக்க வருகிறவர் காத்திருக்கும் நேரத்தில் டீ குடிக்கிறார், அருகில் உப்பும் சோப்பும் வாங்குகிறார். மளிகைக் கடையின் விற்பனையில் பெரும் பகுதி இப்படி மில்லைத் தொடர்ந்து வருவது. எந்தக் கடையை முதலில் வைப்பது என்று கேட்டால், அந்த வட்டாரத்தில் ஆட்கள் கையில் பையோடு எதற்காக வெகுதூரம் போகிறார்கள் என்று பார்க்கச் சொல்வேன். கிருஷ்ணகிரி பக்கத்தில் அது வேறாக இருக்கலாம். ராயக்கோட்டை போன்ற தக்காளி வட்டாரத்தில் கூடை, கயிறு, மருந்து தெளிப்பான் பழுதுபார்ப்பு என்று அமையலாம்.

மில்லின் சிரமங்களும் பெரியவை. முதலாவது மிளகாய். கேழ்வரகு அரைக்கும்போது பறக்கும் தூசி அறைக்குள் அடங்கிவிடும். மிளகாய் நெடி அடங்காது. எங்கள் பக்கம் ஆடிக் காற்று தென்மேற்கிலிருந்து வீசுவதால், மில் வீடுகளுக்கு மேற்கே இருந்தால் நெடி முழுவதும் வீடுகளுக்குள் வந்துவிடும். கடை வரிசையின் வடகிழக்கு மூலையில் மில்லை வைத்தது கட்டட வரைஞரின் யோசனை. அதற்காக அவரை இன்றும் நினைத்துக்கொள்கிறோம். அப்படியிருந்தும் காற்று திரும்பும் மாதங்களில் தும்மல் கேட்கத்தான் செய்கிறது. எனவே மிளகாயும் மல்லியும் வாரத்தில் இரண்டு காலைகளில் மட்டுமே அரைக்கப்படுகின்றன. அந்த நாட்களில் பொதுத் துணிக்கொடியில் துணி காயப்போடுவதில்லை. மிளகாய்க்கும் தானியத்துக்கும் தனித்தனி இயந்திரங்கள் தேவை என்பதை முதலீட்டுக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். மிளகாய்க்குப் பிறகு அரைத்த கேழ்வரகில் காரம் ஏறினால் அந்த வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார்.

இரண்டாவது சத்தமும் அதிர்வும். இயந்திரத்தின் அடித்தளம் கட்டடத்தின் அடித்தளத்தோடு ஒட்டாமல் தனியாக இருக்க வேண்டும். எங்களுடையது அப்படித்தான் போடப்பட்டது, இடையில் ரப்பர் விரிப்பும் உண்டு. மதியம் ஒன்றரை முதல் மூன்று வரை மில் ஓடாது. இந்த ஓய்வு நேரம் ஆரம்பத்தில் வெளியூர்க்காரர்களுக்குப் பிடிக்கவில்லை, பிறகு பழகிவிட்டது. மேலும், இயந்திரம் நிறுவுவதற்கு ஊராட்சிகள் சட்டம், 1994இன்படி ஊராட்சியின் அனுமதி வேண்டும். அதை வாங்கும்போதே ஊர்ப் பெரியவர்களிடம் மில் வரப்போவதைச் சொன்னது தனி அறிமுகம் தேவையில்லாமல் செய்துவிட்டது.

டீக்கடையைப் பொறுத்தவரை இந்த மாவட்டத்துக்கே உரிய ஒரு பிரச்சினை தண்ணீர். எங்கள் ஆழ்குழாய்க் கிணற்றில் ஃபுளூரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத நிலையில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர அமைவனம் வரையறுத்திருக்கிறது. பற்களிலும் எலும்புகளிலும் ஃபுளூரைடு உண்டாக்கிய பாதிப்பைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மக்கள் தலைமுறைகளாகப் பார்த்தவர்கள். ஜப்பானிய நிதியுதவியுடன் நிறைவேறி 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். தேயிலையிலும் இயல்பாகவே ஃபுளூரைடு இருப்பதால், ஆழ்குழாய்த் தண்ணீரில் டீ போடுவது சரியாகாது. டீக்கும் குடிப்பதற்கும் ஒகேனக்கல் தண்ணீர், கழுவுவதற்கு மட்டும் ஆழ்குழாய்த் தண்ணீர் என்று இரண்டு குழாய்களையும் இரண்டு நிறத்தில் போட்டிருக்கிறோம். கழுவும் தண்ணீர் குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டிக்குப் போகாமல், எண்ணெயைப் பிரிக்கும் சிறு தொட்டி வழியாகத் தனி உறிஞ்சுகுழிக்குப் போகிறது. டீக்கடையின் கழிவுநீர் எவ்வளவு இருக்கும் என்பதைக் கட்டடத் திட்டம் போடுகிறவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள்.

டீக்கடையில் பீடி, சிகரெட், பாக்கு எதுவும் விற்பதில்லை என்று முன்பே எழுதிக்கொண்டோம். விற்பனை குறையும் என்று சொன்னார்கள், குறையத்தான் செய்தது. அந்த இழப்புக்கு ஈடாக டீக்கடைப் பகுதியின் வாடகையைக் குறைத்தோம். உடன் வாழ்கிறவர்களின் விருப்பத்தைக் கடைக்காரர் தலையில் ஏற்றிவிட்டு வாடகையை மட்டும் முழுதாக வாங்குவது நியாயமாகாது. பார்சல் டீயை பிளாஸ்டிக் பையில் கட்டுவதில்லை. மாநிலத்தில் 2019 ஜனவரி முதலே அதற்குத் தடை இருக்கிறது, தூக்குவாளி கொண்டு வருகிறவர்களுக்குக் கூடுதலாக ஊற்றுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே வகைக் கண்ணாடித் தம்ளர், ஒரே பெஞ்ச் என்பதும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட விதி. இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். இரட்டைக் குவளையைப் பார்த்து வளர்ந்தவர்கள் எங்களில் இருந்ததால் எழுதினோம்.

அடுத்தது, கடையை யார் நடத்துவது என்பது. மளிகைக் கடையை எங்கள் குடியிருப்பிலேயே வசிக்கும் ஓர் அக்கா நடத்துகிறார். மில்லைப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வாடகைக்கு எடுத்திருக்கிறார். சிக்கல் அதிகம் வந்தது அக்காவுக்குத்தான். வெளியிலிருந்து வந்த வாடகைதாரர் கடையை மூடினால் வீட்டுக்குப் போய்விடுகிறார். அக்கா கடையை மூடினாலும் அவர் வீடு இருபதடி தூரத்தில்தான் இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு மேல், “அக்கா, ஒரே ஒரு பால் பாக்கெட், தம்பிக்குக் காய்ச்சல்” என்று கதவு தட்டப்படும். கொடுக்காமல் இருக்க முடியாது, கொடுத்தால் அது வழக்கமாகிவிடும். பொதுக்கூட்டத்தில் இதைப் பேசி, கடை நேரத்துக்கு வெளியே கடைக்காரரின் வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது என்றும், அவசரத்துக்காகச் சமையல்கூடக் குளிர்பெட்டியில் நான்கு பாக்கெட் பால் எப்போதும் இருக்கும், எடுத்தவர் காசைப் பெட்டியில் போட வேண்டும் என்றும் முடிவு செய்தோம்.

கடன் நோட்டு இன்னும் நுட்பமான விஷயம். ஊர்க்காரர்களின் பற்று வரவை அக்கா தம் விருப்பப்படி வைத்துக்கொள்கிறார். அதில் சங்கம் தலையிடுவதில்லை. ஆனால் குடியிருப்பின் உறுப்பினர்களுக்குக் கடன் கிடையாது. கேட்கச் சங்கடப்பட்டுக்கொண்டு அக்கா விட்டுவிடுவார், சமையல் முறை நாளில் அதே ஆளோடு நின்று காய் நறுக்க வேண்டியிருக்கும், கூட்டத்தில் வேறொரு பேச்சில் அந்தக் கசப்பு வெளிப்படும். உறுப்பினர்கள் மாதத் தொடக்கத்தில் ஒரு தொகையை முன்பணமாகக் கட்டி, அதிலிருந்து கழித்துக்கொள்ளும் முறை எங்களுக்கு ஒத்துவந்தது. அக்காவுக்கும் அது சரக்கு எடுக்கக் கைமுதலாகிறது. சித்தேரி மலையிலிருந்து வரும் சாமையை மூட்டையாக வாங்கி வைக்க முடிந்தது இந்த முன்பணத்தால்தான்.

வாடகைதாரர் உறுப்பினராக இருந்தால், வாடகை நிர்ணயிக்கும் கூட்டத்தில் அவர் கருத்துச் சொல்லலாம், முடிவெடுக்கும்போது எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்பதும் எங்கள் விதி. உறுப்பினருக்குச் சலுகை வாடகை தருவதில்லை. கொடுத்தால், அவர் கடையை விட்டபின் வெளியாளுக்கு அதே சலுகை ஏன் இல்லை என்ற கேள்வியும், சலுகை பெறாத உறுப்பினருக்கு வேறு கேள்வியும் எழும்.

சட்டம், வரி, மின்சாரம் ஆகியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடை அறைகளை அனுமதி வரைபடத்திலேயே வணிகப் பயன்பாடு என்று காட்டிவிட வேண்டும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 குடியிருப்புப் பகுதிகளில் சிறு கடைகளை வரம்புக்குட்பட்டு அனுமதிக்கின்றன. வாகனம் நிறுத்தும் இடத்தை அதற்கேற்பக் காட்ட வேண்டும். வீட்டுக்கடனைக் கடை அறைக்குப் பயன்படுத்த முடியாது என்பதால், அந்தக் கட்டுமானச் செலவைச் சங்கத்தின் பொது நிதியிலிருந்து தனியாக ஒதுக்க வேண்டும். மின்சாரத்தில் எந்தக் குறுக்குவழியும் வேண்டாம். வீட்டு இணைப்பில் இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் அதிலிருந்து கடைக்கு ஒயர் இழுக்கும் ஆசை யாருக்கும் வரும். அனுமதித்த பயன்பாட்டுக்கு வேறாகப் பயன்படுத்தினால் மின்சாரச் சட்டம், 2003இன் 126ஆவது பிரிவின்படி இரு மடங்குக் கட்டணம் விதிக்கப்படலாம். ஒவ்வொரு கடைக்கும் தனி மீட்டர், மில்லுக்கு மும்முனை இணைப்பு. உணவுப் பாதுகாப்புத் துறையில் நாங்கள் தொடங்கியபோது ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பதிவு மட்டும் போதுமானதாக இருந்தது, கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாயாக இருந்தது. மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும். மில்லில் இது மறந்துபோகக் கூடிய ஒன்று.

சங்கத்தின் வருமான வரியில் ஒரு நுட்பம் உண்டு. உறுப்பினர்களிடமிருந்து வாங்கிப் பராமரிப்புக்குச் செலவிடும் தொகை, தமக்குத் தாமே பங்களித்துக்கொள்வது என்ற கொள்கையின்படி வரிக்கு உட்படாது. வெளியாளிடமிருந்து வரும் கடை வாடகைக்கு அந்த விலக்கு இல்லை. ஆகவே இரண்டுக்கும் தனி வங்கிக் கணக்கு வைத்திருக்கிறோம். இதில் ஒரு கூடுதல் பயனும் கிடைத்தது. வாடகைப் பணத்தை மாதப் பராமரிப்போடு கலக்காததால், கடை காலியாகக் கிடந்த மாதங்களில் எந்தக் குடும்பத்தின் பங்கும் உயரவில்லை. வாடகை முதலில் கடைக் கட்டடத்தின் வரிக்கும் வெள்ளையடிப்புக்கும் பழுதுக்கும் போகிறது. ஆறு மாத வாடகைக்குச் சமமான தொகை இருப்பில் சேர்ந்த பிறகு மிஞ்சுவது சமையல்கூடத்துக்கு. கடை வாடகையால் பராமரிப்புத் தொகை குறையும் என்று சொல்லி வீடு விற்பவர்களை நம்பிச் சேர வேண்டாம் என்று என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்வதுண்டு.

மூன்றாவது அறைக்கு இன்னும் ஒரு நிலையான தொழில் அமையவில்லை. முதலில் ஜெராக்ஸ் கடை வந்தது, செல்போனிலேயே எல்லாம் முடிந்துவிடுகிற காலத்தில் அது நிற்கவில்லை. பிறகு வாரம் இருமுறை ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்தார். முழங்கால் வலிக்காரர்கள் ஊரில் ஏராளமாக இருந்தும், வாரத்தின் மற்ற நாட்களில் அறை பூட்டிக் கிடந்ததால் மாத வாடகை அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. இப்போது தைக்கும் பெண்கள் இருவரும் பக்கத்து ஊர்க்காரர்கள். பள்ளிச் சீருடைக் காலத்தில் இரவு வரை விளக்கு எரியும், மற்ற மாதங்களில் பாதி நாள் திறந்திருக்கும். அதனால் அவர்களுக்கு மட்டும் வாடகையை மாதக் கணக்கில் வைக்காமல், ஆண்டுத் தொகையாக வைத்து, சீருடைக் காலத்தில் பெரும் பகுதியைக் கட்டும்படி ஒப்பந்தம் எழுதியிருக்கிறோம். அறையில் நிலைத்த சாமான் எதையும் பதிக்காமல், தண்ணீர் இணைப்பு, வடிகால், மும்முனை மின் இணைப்புக்கான குழாய் மட்டும் விட்டுவைத்தது இத்தனை மாற்றங்களுக்கும் இடம் கொடுத்தது.

மில்லை நடத்துபவர் இப்போது கடலை எண்ணெய்ச் செக்கு ஒன்று வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். சுற்றுவட்டாரத்தில் நிலக்கடலை விளைகிறது, பிண்ணாக்குக்கு மாடு வைத்திருப்பவர்கள் உடனே வாங்குவார்கள் என்பது அவர் கணக்கு. செக்கு ஓடும் நேரம் மில்லைவிட நீளமானது என்பதால் மதிய ஓய்வு நேரத்தை அவரால் காக்க முடியுமா என்பதையும், கடலை மூட்டைகளை எங்கே அடுக்குவது என்பதையும் எழுத்தில் கேட்டிருக்கிறோம். முடிவெடுப்பதற்கு முன், சாலையோர வரிசைக்கு நேர் பின்னால் உள்ள நான்கு வீட்டுக்காரர்களும், ஏற்கெனவே செக்கு ஓடும் ஓர் இடத்துக்குப் போய், பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்துவிட்டு வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.